பிடித்து வைக்காதீர்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தண்ணீர் வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சிங்கப்பூர் வந்து, அறை கிடைத்து, சிம் கார்டு போட்டு முடித்ததும் நம் ஆட்கள் கேட்கிற அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "குடிக்கிற தண்ணிக்கு என்ன பண்றது? இங்கே கேன் போடுவாங்களா?" வீட்டுக்கு வீடு கேன் போடும் வழக்கம் இங்கே கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. சமையலறைக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து அப்படியே குடிக்கலாம், கொதிக்க வைக்கக்கூட வேண்டாம்.

இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சென்னையிலோ மதுரையிலோ குழாய்த் தண்ணீரை நேராகக் குடித்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்? லாரித் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்று பிரித்துப் பழகிய கைக்குத் தயக்கம் வருவது சரிதான். ஆனால் இந்த ஊரில் பயப்பட வேண்டியது குழாயில் ஓடி வரும் தண்ணீருக்கு அல்ல, வீட்டில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. நம்மூரிலிருந்து நாம் கொண்டுவரும் பழக்கம் இதற்கு நேர் எதிர்: வருவதைச் சந்தேகப்பட்டு, வந்ததைக் குடம் குடமாகப் பிடித்து வைப்போம். அதை எப்படி மாற்றிக்கொள்வது என்பதுதான் கீழே இருக்கும் முக்கிய விஷயம்; கடைசியில் வீட்டுக் காற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை.

எங்கிருந்து வருகிறது

சிங்கப்பூருக்குத் தண்ணீர் நான்கு வழிகளில் வருகிறது. ஒன்று, உள்ளூர் மழைநீர். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி; அது 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. இரண்டு, ஜொகூர் ஆற்றுத் தண்ணீர். 1962ஆம் ஆண்டு மலேசியாவுடன் செய்த ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் 2061 வரை. மலேசியாவுடன் இணைக்கும் காஸ்வே பாலம் வழியாக ஜொகூர் பாரு போகும்போது சாலையோரம் ஓடும் பெரிய குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, 2003இல் தொடங்கிய நியூவாட்டர். கழிவுநீரை நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), புறஊதாக் கதிர் என்று மூன்று கட்டமாகச் சுத்திகரித்துக் கிடைப்பது. "சாக்கடைத் தண்ணியா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு: அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. வறட்சிக் காலத்தில் ஒரு பகுதியை நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடியும் சுத்திகரித்துத்தான் குழாய்க்கு அனுப்புகிறார்கள். நான்காவது, கடல்நீரைக் குடிநீராக்குவது. முதல் ஆலை துவாஸில் 2005இல் வந்தது. இப்போது ஐந்து இருக்கின்றன.

இதையெல்லாம் நடத்துவது பொதுப் பயனீட்டுக் கழகம். பேச்சில் எல்லாரும் பியூபி என்பார்கள். குடிநீரின் தரத்துக்குச் சட்டப்படி வரம்பு வைத்துக் கண்காணிப்பது வேறொரு அமைப்பு, சிங்கப்பூர் உணவு அமைப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி நெறிகளைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். பல் சொத்தையைத் தடுக்க 1950களிலிருந்தே தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். கிருமி மறுபடி வளராமல் இருக்க குளோரமின் என்ற குளோரின் கலவை இருக்கிறது. குழாயைத் திறந்ததும் சிலருக்கு லேசாக வாடை தெரிவது அதனால்தான். வாடை பிடிக்கவில்லை என்றால் மூடி போட்ட ஜாடியில் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், சில்லென்று குடிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது.

வீட்டில் மீன்தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. "ஒரு ராத்திரி வாளியில வச்சிருந்தா குளோரின் போயிடும்" என்பது ஊர்க் கணக்கு. குளோரமின் அப்படி ஒரே இரவில் போகாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரமின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே மீனை விடுங்கள்.

குடிவந்த முதல் நாள்

வீடு சில நாள் பூட்டிக் கிடந்திருந்தால், முதலில் எல்லாக் குளிர்நீர்க் குழாய்களையும் இரண்டு மூன்று நிமிடம் திறந்து விடுங்கள். குழாய்க்குள் தேங்கிய பழைய தண்ணீர் போகட்டும். வாளியில் பிடித்துத் தரை கழுவிக்கொள்ளலாம், வீணாகாது.

அடுத்து சமையலறைக் குழாயின் நுனி. அங்கே ஒரு சின்ன வலை இருக்கும். கையால் திருகினாலே பெரும்பாலும் கழன்று வரும். கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். முந்தைய வாடகைக்காரர் இருந்தவரை யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். மணல்போல் துருத் துகள், வெள்ளையாக உப்புப் படிவு, சில சமயம் வழுவழுவென்று ஒரு பாசி. பியூபி எவ்வளவு நல்ல தண்ணீர் அனுப்பினாலும் அது இந்த வலை வழியாகத்தான் உங்கள் டம்ளருக்கு வந்தாக வேண்டும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து மாட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

மூன்றாவது, தண்ணீரை மொத்தமாக அடைக்கும் திருகு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது அரசு அடுக்குமாடி) வீடுகளில் தண்ணீர் மீட்டரும் அதன் அடைப்புத் திருகும் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்துச் சுவரில் உள்ள அலமாரியில் இருக்கும். நடு ராத்திரியில் குழாய் உடைந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

மீட்டரைக் கண்டுபிடித்த கையோடு கசிவையும் பார்த்துவிடலாம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிவறைத் தொட்டிதான். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விடுங்கள். பீங்கானில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு, 2025 ஏப்ரல் முதல் வரிகளோடு சேர்த்து 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 24 காசு; ஜிஎஸ்டி தனி. (மாதம் 40 கன மீட்டருக்கு மேல் போனால் விலை கூடும், சாதாரணக் குடும்பத்துக்கு அவ்வளவு ஆகாது.) லிட்டருக்குக் கணக்குப் போட்டால் அரைக் காசுகூட வராது. அதே தண்ணீரைக் கடையில் பாட்டிலில் வாங்கினால் என்ன விலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை மட்டும் எடுத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து இருப்பவர்கள், சமையலறையில் ஏற்கனவே ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தால் கேட்கத் தயங்காதீர்கள்: "அண்ணே, இதுல உள்ளே இருக்கிறதை எப்ப மாத்துனீங்க?" பதில் "மாத்தணுமா?" என்று வந்தால் ஃபில்டரைத் தவிர்த்து நேர்க் குழாயிலேயே பிடித்துக் குடியுங்கள். மாற்றாத ஃபில்டருக்குள் கரி வேலை செய்வது நின்றுபோய், ஈரத்தில் கிருமி வளரும். ஃபில்டர் இல்லாத தண்ணீர் அதைவிடச் சுத்தம்.

கடைசியாக, வாட்டர் ஹீட்டர். சுடுநீர்க் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். சூட்டில் குழாயின் உலோகம் கூடுதலாகக் கரையும். தொட்டி ஹீட்டர் என்றால் தண்ணீர் உள்ளேயே கிடந்திருக்கும். டீ போடக் குளிர்நீர்க் குழாயில் பிடித்துக் கெட்டிலில் சுட வைப்பதே முறை. குளிக்கும்போது ஷவரைத் தொட்டால் சுருக்கென்று லேசாக இழுத்தால், "ஈரக் கையாக இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். தொட்டி ஹீட்டரைப் பொருத்த உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும். தெரிந்த பையன் மலிவாகச் செய்து தருகிறான் என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் போகாதீர்கள். பிளம்பர்களின் பட்டியல் பியூபி இணையத்தளத்திலேயே இருக்கிறது.

தண்ணீர் வேறு மாதிரி வந்தால்

பால்போல் வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பாருங்கள். கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக்குமிழி, அவ்வளவுதான். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது தாது உப்பு. ஊர் போர் தண்ணீரில் ஹீட்டர் காயிலைச் சுற்றி ஓடுபோல் படிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பழுப்பாக வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதலில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். உயரமான புளோக்குகளில் கீழ்த்தளங்களுக்குத் தெருக்குழாயிலிருந்து நேராகவும், மேல்தளங்களுக்கு மொட்டை மாடித் தொட்டியிலிருந்தும் தண்ணீர் வரும். அந்தத் தொட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும். வீவக புளோக்குகளில் அது வட்டாரத்தைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் வேலை. சுத்தம் செய்த அன்று, அல்லது தெருவில் குழாய் வேலை நடந்த அன்று, அடியில் கிடந்த வண்டல் கலங்கி வரலாம். குளிர்நீர்க் குழாயைச் சில நிமிடம் திறந்து விட்டால் தெளிந்துவிடும். அதுவரை வெள்ளைத் துணியைத் துவைக்கப் போடாதீர்கள்.

அறிவிப்பும் இல்லை, திறந்து விட்டும் தெளியவில்லை என்றால், பிரச்சினை எங்கே என்று பாருங்கள். ஒரே ஒரு குழாயில் மட்டும் வந்தால் அந்தக் குழாயோ அதற்குப் போகும் இணைப்போதான் காரணம். எல்லாக் குழாயிலும் வந்து பக்கத்து வீட்டில் நன்றாக இருந்தால், உங்கள் வீட்டுக்குள் ஓடும் பழைய குழாய். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பிளம்பரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் அப்படியே வந்தால் நகர மன்றத்துக்கோ, பியூபியின் 24 மணி நேரத் தொலைபேசி எண் 1800-2255-782க்கோ அழையுங்கள். அழைப்பதற்கு முன் ஒரு கண்ணாடிப் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் படமும் எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கறுப்பாகத் துகள் வந்தால் பெரும்பாலும் சிங்க்குக்கு அடியில் வளைந்து போகும் ஹோஸின் உள்ரப்பர் நொறுங்குகிறது, ஹோஸை மாற்றினால் சரியாகிவிடும். ஷவர் நுனியில் இளஞ்சிவப்பு வழுவழுப்பு இருந்தால் அது தண்ணீரில் வந்ததல்ல; ஈரத்தில் காற்றிலிருந்து வந்து ஒட்டி வளரும் பாக்டீரியா. தேய்த்துக் கழுவுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் மட்டும் கொதிக்க வைக்கும் பழக்கத்தை விடாதீர்கள். பால்மாவு கிருமி நீக்கியதல்ல. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் மாவைக் கரைத்து, பிறகு குடிக்கும் பதத்துக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். கோளாறு மாவில்தான், தண்ணீரில் அல்ல.

வாசலில் ஃபில்டர் விற்பவர்

புதிதாகக் குடிவந்தவர்களின் கதவை எப்படியோ கண்டுபிடித்துத் தட்டிவிடுவார்கள். சட்டைப் பையில் அடையாள அட்டை, கையில் பெட்டி. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கருவி ஒன்றை இரண்டிலும் விட்டு, பிளக்கில் சொருகுவார். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் துருப்பிடித்த பழுப்பாகி, மேலே நுரை கட்டிவிடும். அவருடைய தண்ணீர் பளிங்குபோல் அப்படியே நிற்கும். "இதைத்தான் உங்க பிள்ளைங்க குடிக்குது மேடம்" என்பார்.

அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் இயல்பாக உள்ள தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும், உடனே இரும்புக் கம்பி அரித்துத் துருவாக இறங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரம் போகாது, துருவும் வராது. நம்பிக்கை வரவில்லை என்றால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். பெட்டியை மூட ஆரம்பித்துவிடுவார். டிடிஎஸ் மீட்டரை நீட்டி எண்ணைக் காட்டுவதும் இதே ரகம்தான்: கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் அது சொல்லும், கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லாது.

சுவைக்காக ஒரு சின்னக் கரி ஃபில்டர் வைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். தேதி பார்த்து மாற்றினால் போதும். ஆனால் ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து ஆர்.ஓ. மாட்டி, நல்ல தண்ணீரில் ஒரு பங்கைச் சாக்கடையில் விட்டு, சேர்த்த ஃபுளோரைடையும் எடுத்துவிட்டுக் குடிப்பது இந்த ஊரில் அர்த்தமில்லாத செலவு.

தேங்கும் தண்ணீர்

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருவோம். 2020இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் வந்தது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்லை. அது சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும், 20 காசு நாணயம் அளவு தேங்கினாலே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம்தான். தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்விளிம்பைத் தேய்த்துத் துடைக்க வேண்டும்.

நம் வீடுகளில் இது எங்கே ஒளிந்திருக்கும்? குளியலறையில் எப்போதும் நிறைந்து நிற்கும் வாளியும் கப்பும். இங்கே தண்ணீர் வெட்டு அரிது. அறிவிப்பு போட்ட அன்று மட்டும், மூடி போட்ட பாத்திரத்தில் பிடித்தால் போதும். மற்ற நாளில் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் துளசியும் வளர்ப்பவர்கள் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. கெட்டிப்பட்ட மண்ணின் மேலும் தண்ணீர் நிற்கும், கிளறி விடுங்கள். வரவேற்பறையில் பித்தளை உருளியில் பூ மிதக்கவிடுவது அழகுதான். ஆனால் அந்தத் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது மாற்றி உருளியைத் துலக்க வேண்டும். பூஜையறையில் கும்பச் சொம்பு, சமையலறையில் மண்பானை, தட்டு கவிழ்க்கும் ரேக்கின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு, இவையும் அந்தக் கணக்கில்தான். பழைய வீவக வீடு என்றால் சமையலறைச் சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழியைச் சொருகுவதற்குக் குழல்கள் இருக்கும். மழை பெய்தால் அது கிணறு. பயன்படுத்தாதபோது மூடி போட்டு வையுங்கள்.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். கொசுப்புழு கண்டுபிடித்தால் அபராதம் 200 வெள்ளியில் தொடங்கும். குடியிருப்பின் அருகே மஞ்சள் அல்லது சிவப்புப் பதாகை தொங்கினால் அங்கே டெங்கி பரவுகிறது என்று பொருள். சிவப்பு என்றால் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வந்திருக்கிறது. சில பேட்டைகளில் வாரியமே கொசுவைப் பறக்கவிடுவதைப் பார்த்துப் புதியவர்கள் அலறுவார்கள். அவை வோல்பாக்கியா பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது. அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது.

திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிக்கிற மாதிரி இருந்தால் கிளினிக்கில் டாக்டரிடம் போய் டெங்கிச் சோதனை கேளுங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் இருக்கும் ஆஸ்பிரின், இபுபுரூஃபென் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

வீட்டுக் காற்று

நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளிப் போடுங்கள். ஈரத்துணியை ஏசி அறைக்குள் காயப்போடாதீர்கள்.

பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைக்கும் சில ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத்தீயிலிருந்து புகைமூட்டம் வரும். 2013 ஜூன் 21 அன்று பிஎஸ்ஐ என்ற காற்றுமாசுக் குறியீடு 401 வரை போனது. 100க்கு மேல் என்றாலே ஆரோக்கியமற்ற நிலை. இப்போது வெளியே போகலாமா என்பதற்கு ஒரு மணி நேர பிஎம்2.5 (காற்றில் உள்ள நுண்துகள்) அளவையும், நாளைக்கு என்ன செய்யலாம் என்பதற்கு 24 மணி நேர பிஎஸ்ஐயையும் பாருங்கள். மைஎன்வி செயலியில் இரண்டும் கிடைக்கும். அந்த நாட்களில் சன்னலைச் சாத்தி வையுங்கள், உள்ளே சாம்பிராணி போடாதீர்கள். 2018 ஜூனுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கே அது கத்தும். அதற்காகக் கருவியைக் கழற்றி வைக்காமல், புகைமூட்டம் இல்லாத நாட்களில் சன்னல் ஓரமாகச் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வீட்டைப் பூட்டிப் போகிறீர்கள் என்றால், கிளம்புகிற அன்று மீட்டருக்குப் பக்கத்துத் திருகை அடையுங்கள், ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். கழிவறை மூடியைச் சாத்துங்கள், குளியலறைத் தரையின் வடிகால் துளையை மூடி வையுங்கள்; அதற்குள் நிற்கும் தண்ணீரும் ஏடிஸுக்கு வீடுதான். வாளி, உருளி, பூந்தட்டு எல்லாம் கவிழ்ந்தே இருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமாவது சாவி கொடுத்திருந்தால், தட்டில் நிற்கும் தண்ணீரையும் கொட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் சன்னலைத் திறந்து, எல்லாக் குழாயையும் ஷவரையும் சில நிமிடம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு கெட்டிலை நிரப்பி டீ போடுங்கள்.